ஒன்பான் கோளும் ஞாயிற்றுக் குடும்பமும்



திருக்குட நன்னீராட்டுப் பெருவிழா இனிது நிறைவேறிய திருக்கோயிலுள் வழிபடுவோர், மூலவரையும் அம்மையையும் வணங்கித் திருச்சுற்றில் வலம்வருங்கால், வடகீழ்த் திசையில் ஒன்பான் கோள்களின் மேடையை அடைகின்றனர். நடுவில் ஞாயிறு நிற்க, ஏனைய எண்மரும் ஒருவரையொருவர் நோக்காது வெவ்வேறு திசை நோக்கி நிற்பர். அன்பர்கள் விளக்கேற்றி ஒன்பது முறை சுற்றி வருவர். அவ்விடத்தே, பள்ளியிற் பயிலும் சிறுவன் ஒருவன் பாட்டனார் கையைப் பற்றிக்கொண்டு சில வினாக்களை எழுப்புதல் இக்காலத்தில் இயல்பாகக் காணும் காட்சியாம்.

"தாத்தா! ஞாயிறு ஒரு விண்மீன் என்று பள்ளியில் சொல்லித் தருகிறார்களே; இங்கே கோள்களுள் ஒன்றாய் நிற்பது எப்படி? பூமியும் ஒரு கோள் என்கிறார்களே. அதனை இங்கே காணோமே? இராகு கேதுக்கள் வானத்தில் எங்கே இருக்கின்றன? தொலைநோக்கியில் தெரியுமா?" என்று அவன் வினவுகின்றான்.

இவ்வினாக்களுக்கு இருவகை விடைகள் வழங்கி வருகின்றன. "கோயிலில் நின்று இப்படியெல்லாம் கேட்கலாகாது" என்று வாயடைத்தல் ஒருவகை. "இவையெல்லாம் நம் முன்னோர் அன்றே கண்டவை, பள்ளியிற் சொல்வதும் இதுவே" என்று பொருந்தாததைப் பொருத்திக் கூறுதல் மற்றொரு வகை. முன்னது கேட்கும் அறிவைக் கெடுக்கும். பின்னதோ, சிறுவன் வளர்ந்து உண்மை அறிந்த நாளில், பாட்டனார் சொன்ன ஏனையவற்றின் மேலும் ஐயம் கொள்ளச் செய்யும். இரண்டிலும் இழப்பு கோயிலுக்கே. நேர்மையான விடை ஒன்று உண்டு. அது வான்பொருள்களுக்கு வழங்கும் சொற்களைப் பிரித்தறிவதில் அடங்கியுள்ளது. அச்சொற்களை முறையாக ஆராய்தலே இவ்வுரையின் நோக்கம்.

மீனும் கோளும்

இரவு வானத்தை அண்ணாந்து நோக்கிய பண்டை மக்கள், ஆங்கு ஒளிர்வனவற்றை இருவகைப்படுத்தினர். ஒன்றற்கொன்று உள்ள இடைவெளி மாறாமல், வகுத்த கூட்டத்தை விட்டு நீங்காமல், ஆண்டுதோறும் ஒரே வடிவில் தோன்றுவன மீன்கள். கார்த்திகைக் கூட்டம் என்றும் கார்த்திகைக் கூட்டமாகவே உளது. அம்மீன்களின் இடையே ஒரு நாள் இங்கும் ஒரு திங்கள் கழித்து அங்குமாக இடம் பெயர்ந்து செல்வன சில. அவையே கோள்கள்.

கோள் என்பது 'கொள்' என்னும் வினையடியாகப் பிறந்த பெயர். பற்றிக்கொள்வது என்பது பொருள். வடமொழியில் வழங்கும் கிரகம் என்னும் சொல்லும் பற்றுதல் என்னும் பொருளுடைய அடியினின்றே வந்தது. கிரேக்கர் வேறொரு வகையால் பெயரிட்டனர். அவர்தம் சொல்லுக்கு அலைந்து திரிவது என்பது பொருள். ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் கோளைக் குறிக்கும் சொல் அதனின்று பிறந்ததே. பெயரிட்ட நோக்கம் வேறாயினும், நிலைத்தனவற்றினின்று பெயர்வனவற்றைப் பிரித்த முறை எல்லா நாட்டிலும் ஒன்றே.

இம்முறைப்படி எண்ணுங்கால், வெறுங்கண்ணுக்குப் புலனாகிப் பெயர்வன ஏழு. அவை ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி, சனி என்பன. கிழமைகள் ஏழும் இவற்றின் பெயரையே தாங்கி நிற்கின்றன. ஞாயிறும் திங்களும் இவ்வரிசையில் இடம்பெற்றது பிழையன்று. பெயர்வது கோள் என்பது இலக்கணமாயின், நாள்தோறும் மீன்களினிடையே பெயர்ந்து செல்லும் ஞாயிறும் கோளேயாம். நிற்பவர் காலடியில் உள்ள நிலம் வானத்தில் பெயர்வதாகத் தோன்றாது. ஆதலின் பூமி அவ்வரிசையில் இடம்பெறவில்லை. இந்த எண்ணிக்கை, நிலத்தில் நின்று மேல்நோக்கும் மாந்தன் கண்ட எண்ணிக்கை. இராகு, கேது என்னும் இரண்டையும் கூட்ட ஒன்பதாயிற்று. திருமறைக்காட்டில் திருஞானசம்பந்தர் அருளிய கோளறு பதிகத்தின் முதற்பாடலில் இவ்வொன்பதும் ஒருங்கே எண்ணப்பட்டிருத்தலை அன்பர்கள் அறிவர்.

சொல்லின் பொருள் மாறிய வரலாறு

1543ஆம் ஆண்டில் போலந்து நாட்டுக் கோப்பர்னிக்கஸ் எழுதிய நூல் வெளிவந்தது. ஞாயிறே நடுவில் உள்ளது. பூமியும் ஏனைய கோள்களும் அதனைச் சுற்றுகின்றன என்று அந்நூல் நிறுவ முயன்றது. 1610ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இத்தாலி நாட்டுக் கலிலியோ தொலைநோக்கி வழியே வியாழனைச் சுற்றும் நான்கு பொருள்களைக் கண்டார். எல்லாம் பூமியையே சுற்றுகின்றன என்னும் கொள்கை அன்று தளர்ந்தது.

அதன்பின் கோள் என்னும் சொல்லின் இலக்கணம் மாறிற்று. 'மீன்களினிடையே பெயர்வது' என்னும் பொருள் நீங்கி, 'ஞாயிற்றைச் சுற்றி வருவது' என்னும் பொருள் ஏறிற்று. பொருள் மாறவே, பட்டியலும் மாறிற்று. ஞாயிறு தானே ஒளிவிடும் விண்மீன் ஆகிப் பட்டியலினின்று நீங்கிற்று. திங்கள் பூமியைச் சுற்றுதலின் துணைக்கோள் எனப்பட்டது. பூமி கோள்களுள் ஒன்றாயிற்று. வானத்தில் எதுவும் இடம் மாறவில்லை. எண்ணுகின்றவன் நிற்கும் இடமே மாறிற்று. முன்னோர் நிலத்தில் நின்று எண்ணினர். இக்கால வானநூலார் ஞாயிற்றில் நின்று நோக்குவார்போல் எண்ணுகின்றனர். ஒரே சொல் இரு பட்டியல்களுக்கும் பெயராய் நிற்றலே குழப்பத்திற்கெல்லாம் வித்து என்க.

சுழற்சியும் வலம்வருதலும்

இனி, கோள்களின் இயக்கத்தைக் குறிக்கும் சொற்களைக் காண்போர்க்குத் திருக்கோயிலிலேயே தக்க சான்றுகள் உள.

ஒரு பொருள் தன்னைத்தானே சுற்றுதல் தற்சுழற்சி. பிறிதொன்றைச் சுற்றி வருதல் வலம்வருதல். அங்கப்பிரதட்சணம் செய்யும் அடியவர், உருளுதலால் தற்சுழற்சியும், திருச்சுற்றைச் சூழ்தலால் வலம்வருதலும் ஒருங்கே செய்கின்றார். பூமிக்குத் தற்சுழற்சியால் நாளும், வலம்வருதலால் ஆண்டும் அமைகின்றன. ஏனைய கோள்களுக்கு இவ்விரண்டும் வெவ்வேறு அளவின. வியாழன் மிகப் பெரிய கோளாயினும் 10 மணி நேரத்திற்குச் சற்றுக் குறைவான பொழுதில் ஒருமுறை சுழன்றுவிடும். வெள்ளியோ ஒருமுறை சுழல 243 நாள்களும், ஞாயிற்றை ஒருமுறை வலம்வர 225 நாள்களும் எடுத்துக்கொள்ளும். அதன் சுழற்சி பூமியின் சுழற்சிக்கு எதிர்முகமானது. ஆங்கு நிற்பார் ஒருவர் உளராயின் ஞாயிறு மேற்கே தோன்றிக் கிழக்கே மறைதலைக் காண்பர்.

சுழலும் பொருளின் ஊடே செல்வதாகக் கருதப்படும் கோடு அச்சு. பூமியின் அச்சு நேராக நில்லாமல், தலைசாய்ந்து சுழலும் பம்பரம்போல் ஏறத்தாழ 23½ பாகை சாய்ந்துள்ளது. யுரேனஸ் என்னும் கோளின் அச்சுச் சாய்வு ஏறத்தாழ 98 பாகை. அது படுத்த கோலத்தில் சுழல்கின்றது.

திங்கள் எப்பொழுதும் தன் ஒரு முகத்தையே பூமிக்குக் காட்டுவதால், அது சுழலவே இல்லை என எண்ணுவார் பலர். திருச்சுற்றில் வலம்வரும் அன்பர் ஒருவரை நோக்குக. கருவறை என்றும் அவர் வலப்பக்கத்திலேயே உள்ளது. எனினும், ஒரு சுற்று நிறைவதற்குள் அவர் முகம் நான்கு திசைகளையும் நோக்கித் திரும்பிவிடுகின்றது. ஆகவே ஒரு வலத்திற்கு ஒரு சுழற்சி அவர்க்கும் உண்டு. திங்களின் நிலையும் அதுவே. அதன் வலமும் சுழற்சியும் ஏறத்தாழ 27⅓ நாள் என்னும் ஒரே அளவின. திங்களின் வீதியை 27 நாள்மீன்களாக வகுத்தமைக்கு இவ்வளவே அடிப்படை. ஓர் அமாவாசையினின்று அடுத்த அமாவாசை வரை உள்ள காலமோ ஏறத்தாழ 29½ நாள். திங்கள் ஒரு சுற்று முடிப்பதற்குள் பூமியும் தன் வழியில் முன்னேறிவிடுதலின், ஞாயிற்றோடு மீண்டும் ஒன்றுகூடுவதற்கு இரண்டு நாளுக்கு மேல் கூடுதலாக வேண்டியுள்ளது.

கோள் வலம்வரும் வழி சுற்றுப்பாதை எனப்படும். அது முழு வட்டம் அன்று. சற்றே நீண்ட வட்டம் என்பதை ஜெர்மானிய நாட்டுக் கெப்ளர், செவ்வாயின் இயக்கத்தை ஆராய்ந்து 1609இல் வெளியிட்டார். நீள்வட்டமாதலின், ஞாயிற்றுக்கு அணித்தாகும் நிலையும் சேய்த்தாகும் நிலையும் கோளுக்கு உண்டு. முன்னது அண்மைநிலை, பின்னது சேய்மைநிலை. பூமி அண்மைநிலையில் ஏறத்தாழ 14 கோடியே 71 இலட்சம் கிலோமீட்டர் தொலைவிலும், சேய்மைநிலையில் ஏறத்தாழ 15 கோடியே 21 இலட்சம் கிலோமீட்டர் தொலைவிலும் உள்ளது. கேட்போர் வியக்கத்தக்க செய்தி ஒன்று இதில் உண்டு. அண்மைநிலை வருவது ஜனவரித் தொடக்கத்தில், பனி பெய்யும் மார்கழியில். சேய்மைநிலை வருவது ஜூலைத் தொடக்கத்தில், ஆனித் திங்களில். ஆகவே குளிரும் வெம்மையும் தொலைவால் அமைவன அல்ல. அச்சின் சாய்வால் அமைவன என்பது தெளிவாம்.

இத்தகைய பெருந்தொலைவுகளைக் கிலோமீட்டரால் கூறுதல் நெல்லைத் தனித்தனி மணியாக எண்ணுதல் போலும். ஆதலின், பூமிக்கும் ஞாயிற்றுக்கும் இடையிலுள்ள சராசரித் தொலைவையே வானியல் அலகு என்னும் மரக்காலாகக் கொண்டனர். 2012இல் அதன் அளவு 14,95,97,870.7 கிலோமீட்டர் என வரையறுக்கப்பட்டது. ஞாயிற்றின் ஒளி இத்தொலைவைக் கடக்க 8 நிமிடம் 20 நொடி ஆகும். கோள்களுள் கடைசியாகிய நெப்டியூன் ஏறத்தாழ 30 அலகுத் தொலைவில் உளது. ஆங்கு ஒளி சென்று சேர நான்கு மணி நேரத்திற்கு மேலாகும்.

ஐந்திறத்தில் வழங்கும் சொற்கள்

பஞ்சாங்கம் எனப்படும் ஐந்திறத்தில் வரும் சொற்கள் பலவற்றுக்கு வானில் நேரான பொருள் உண்டு.

பெயர்ச்சி என்பது, வான்வீதியைப் பன்னிரண்டாக வகுத்த ஓரை ஒன்றினின்று மற்றொன்றுக்குக் கோள் செல்லுதல். வியாழன் ஞாயிற்றைச் சுற்ற 11 ஆண்டும் 10 திங்களும் சற்று மிகையும் ஆதலின், ஓர் ஓரையில் ஏறத்தாழ ஓராண்டு தங்கும். குடந்தையில் மாமகப் பெருவிழா பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வருதல் வியாழன் சிங்க ஓரையை மீண்டும் அடைதலைப் பற்றியது. 1992, 2004, 2016ஆம் ஆண்டுகளில் அவ்விழா நிகழ்ந்தது. சனி ஒருமுறை சுற்ற ஏறத்தாழ 29½ ஆண்டு. ஆதலின் ஓர் ஓரையில் ஏறத்தாழ இரண்டரை ஆண்டு. சனைச்சரன் என்னும் வடமொழிப் பெயருக்கு மெல்லச் செல்வோன் என்பதே பொருள். வெறுங்கண்ணுக்குத் தெரியும் கோள்களுள் ஞாயிற்றுக்கு மிகச் சேய்த்தாய் உள்ளது எதுவோ அதுவே மிக மெல்லச் செல்லும் என்பதைக் கெப்ளர் 1619இல் வெளியிட்ட மூன்றாம் விதி கணக்கிட்டுக் காட்டுகின்றது.

வக்கிரம் என்பது, கோள் முன்னோக்கிச் செல்லுதலை விட்டுச் சில நாள் பின்னோக்கிச் செல்வதாகத் தோன்றுதல். இதற்கும் திருச்சுற்றே சான்று. உட்சுற்றில் விரைந்து நடப்பவர் ஒருவரும், வெளிச்சுற்றில் மெல்ல நடப்பவர் ஒருவரும் ஒரே திசையில் வலம்வருகின்றனர் என்று கொள்க. உட்சுற்றினர் வெளிச்சுற்றினரைக் கடந்து செல்லும்போது நோக்கினால், மதிலோரத் தூண்களின் வரிசையில் அவர் பின்னே செல்வதாகத் தோன்றும். அவர் பின்னே செல்லவில்லை. நோக்குபவர் விரைவே அத்தோற்றத்திற்குக் காரணம். பூமி செவ்வாயைக் கடக்கும்போது நிகழ்வது இதுவே.

மூடம் என்பது, வெள்ளி, வியாழன் முதலியன ஞாயிற்றுக்கு அருகே தோன்றும் நாள்களில் அதன் ஒளியில் மறைந்து கண்ணுக்குப் புலனாகாதிருத்தல். அந்நாள்களில் மணவினை தவிர்த்தல் வழக்கம். கோள் எங்கும் மறையவில்லை. பேரொளியின் முன் சிற்றொளி தெரியவில்லை என்பதே செய்தி.

இனி, இராகு கேதுக்களின் செய்தி. பூமி ஞாயிற்றைச் சுற்றும் தளமும், திங்கள் பூமியைச் சுற்றும் தளமும் ஒன்றல்ல. இரண்டிற்கும் இடையே ஏறத்தாழ 5 பாகைச் சாய்வு உண்டு. இரு வளையங்களைச் சற்றே சாய்த்துக் கோத்தால் அவை இரண்டு இடங்களில் ஒன்றையொன்று வெட்டும் அன்றோ? திங்களின் வழி ஞாயிற்றின் தோற்றவழியை வெட்டும் அவ்விரண்டு இடங்களே இராகுவும் கேதுவும். திங்கள் வடபால் ஏறும் கணு இராகு. தென்பால் இறங்கும் கணு கேது. அவை கல்லும் மண்ணும் ஆகிய உருண்டைகள் அல்ல. ஆதலின் தொலைநோக்கியில் தோன்றா. வான்கணக்கில் மெய்யான இடங்கள். ஆதலின் கற்பனை என்று தள்ளற்பாலனவும் அல்ல.

இரண்டு கணுக்களும் நேரெதிரே அமைவன. ஐந்திறத்தில் இராகுவும் கேதுவும் என்றும் ஏழாம் இடத்தில் எதிரெதிர் நிற்றல் இதனால். கணுக்கள் பின்னோக்கி நகர்ந்து 18 ஆண்டும் ஏறத்தாழ 7 திங்களும் ஆகுங்கால் ஒரு சுற்று முடிப்பன. இராகு கேதுப் பெயர்ச்சி ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுக்கு ஒருமுறை, பின்முகமாக நிகழ்தல் இதனால். அமாவாசையோ முழுநிலவோ இக்கணுக்களுக்கு அருகே நிகழ்ந்தால் மட்டுமே மறைப்பு உண்டாகும். ஞாயிற்றையும் திங்களையும் பாம்பு பற்றிற்று என்னும் வழக்கு இதனால். மறைப்புக்குக் காரணம் நிழலே என்று ஆரியபட்டர் 499ஆம் ஆண்டை ஒட்டி இயற்றிய தம் நூலில் விளக்கியுள்ளார். நிழலின் கணக்கை அறிந்தவர்களே கணுக்களுக்கு இராகு கேது என்னும் பெயரை வைத்துக் கணித்து வந்தனர்.

குடும்பத்தின் ஏனைய உறுப்பினர்

ஞாயிறு, அதனைச் சுற்றும் கோள்கள், அவற்றின் துணைக்கோள்கள், ஏனைய சிறுபொருள்கள் அனைத்தும் சேர்ந்தது ஞாயிற்றுக் குடும்பம். இக்குடும்பத்தின் மொத்த நிறையில் நூற்றுக்கு 99.8 பங்குக்கு மேல் ஞாயிற்றிடமே உள்ளது. எஞ்சிய சிறு பங்கிலேயே வியாழனும் சனியும் பூமியும் பிறவும் அடங்குவன.

துணைக்கோள் என்பது கோளைச் சுற்றி வருவது. பூமிக்குத் திங்கள் ஒன்றே. புதனுக்கும் வெள்ளிக்கும் ஒன்றும் இல்லை. சனிக்கு 274 துணைக்கோள்கள் உள என 2025ஆம் ஆண்டில் கணக்கிட்டனர். மக்கள் ஏவிய பொறிகள் செயற்கைத் துணைக்கோள்கள் எனப்படும்.

தொலைநோக்கி வந்தபின், 1781இல் வில்லியம் ஹெர்ஷல் யுரேனஸைக் கண்டார். 1846இல், லெவெரியே என்னும் பிரெஞ்சு அறிஞர் கணக்கிட்டுக் கூறிய இடத்திற்கு அருகே, பெர்லின் நகரில் காலே என்பார் நெப்டியூனைக் கண்டார். இவ்விரண்டிற்கும் இடையே நிகழ்ந்த மற்றொரு செய்தி, சொல்லாராய்ச்சிக்கு மிகவும் பயன்படுவது.

1801ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளன்று, சிசிலித் தீவில் பியாட்சி என்னும் துறவி, செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே ஒரு பொருளைக் கண்டு சீரீஸ் எனப் பெயரிட்டார். கோள் ஒன்று கிடைத்தது என உலகம் மகிழ்ந்தது. அடுத்த ஆறாண்டுகளில் அதே இடைவெளியில் மேலும் மூன்று கிடைத்தன. பின்னர்ப் பத்து, இருபது, நூறு எனப் பெருகின. நூறு பொருள்களையும் கோள் என்பதா என்னும் இடர் எழவே, அவற்றைச் சிறுகோள்கள் எனத் தனிவகுப்பாக்கினர். சென்னை நுங்கம்பாக்கத்தில் இருந்த வான்நோக்குநிலையத்தினின்று 1861ஆம் ஆண்டு ஏப்ரல் 17ஆம் நாள் போக்சன் என்பார் ஒரு சிறுகோளைக் கண்டார். ஆசியக் கண்டத்தினின்று முதன்முதற் கண்ட சிறுகோள் ஆதலின், அதற்கு ஆசியா என்றே பெயர் வழங்கலாயிற்று. வாணியம்பாடியை அடுத்த சவ்வாது மலையிலுள்ள காவலூரினின்று 1988இல் கண்ட சிறுகோள் ஒன்று கணிதமேதை இராமானுஜன் பெயரைத் தாங்கியுள்ளது.

சீரீஸுக்கு நிகழ்ந்ததே புளூட்டோவுக்கும் நிகழ்ந்தது. 1930இல் அமெரிக்க நாட்டுக் கிளைடு டோம்பா என்னும் இளைஞர் புளூட்டோவைக் கண்டார். அன்று முதல் பள்ளி நூல்களில் கோள்கள் ஒன்பது என்றாயிற்று. அவ்வெண்ணைக் கண்ட அன்பர் பலர், கோயிலின் ஒன்பதும் பள்ளியின் ஒன்பதும் ஒன்றே என மயங்கினர். உண்மையில் இரு பட்டியல்களுக்கும் பொதுவானவை புதன், வெள்ளி, செவ்வாய், வியாழன், சனி என்னும் ஐந்தே. எண் ஒத்தது தற்செயல்.

புளூட்டோவோ திங்களினும் சிறியது. திங்களின் குறுக்களவு 3,474 கிலோமீட்டர். புளூட்டோவின் குறுக்களவு ஏறத்தாழ 2,377 கிலோமீட்டர். அதன் வழி ஏனைய கோள்களின் தளத்திற்கு 17 பாகை சாய்ந்தது. 1979 முதல் 1999 வரை நெப்டியூனைவிட ஞாயிற்றுக்கு அணித்தாகவும் அது சென்றது. 2005இல் அதனை ஒத்த அளவினதாய ஏரிஸ் என்னும் பொருள் கண்டுபிடித்ததாக அறிவிக்கப்படவே, ஏரிஸும் கோளா, அன்றிப் புளூட்டோவும் கோள் அன்றா என்னும் வினா தவிர்க்கலாகாததாயிற்று.

2006ஆம் ஆண்டு ஆகஸ்டு 24ஆம் நாள் பிராகா நகரில் கூடிய பன்னாட்டு வானியல் ஒன்றியம் கோளுக்கு இலக்கணம் வகுத்தது. கோள் என்பது ஞாயிற்றைச் சுற்றி வருதல் வேண்டும். தன் ஈர்ப்பாலேயே உருண்டை வடிவு பெறும் அளவுக்கு நிறை உடைத்தாதல் வேண்டும். தான் செல்லும் வழியில் தன்னை ஒத்த பிற பொருள்கள் இல்லாதவாறு தன் ஈர்ப்பால் வழியைத் தூய்மை செய்திருத்தல் வேண்டும். முதலிரண்டும் உடையதாய், மூன்றாவது இல்லாததாய், துணைக்கோளும் அல்லாததாய் இருப்பது குறுங்கோள். புளூட்டோ, ஏரிஸ், சீரீஸ், ஹௌமியா, மாகேமாகே என்னும் ஐந்தும் குறுங்கோள்கள் என அவ்வொன்றியத்தால் ஏற்கப்பட்டன. இவ்வாற்றால் கோள்கள் எட்டாயின. இவ்விலக்கணத்தை ஒப்பாத வானநூலாரும் உளர். 2015ஆம் ஆண்டு ஜூலை 14ஆம் நாள் ஒரு விண்கலம் புளூட்டோவை அணுகி, ஆங்குள்ள பனிமலைகளையும் பனிவெளிகளையும் படம் எடுத்து விடுத்தது. பெயர் குறைந்ததால் அதன் மலைகள் தாழவில்லை.

வால்மீன் என்பது பனியும் தூசும் கலந்த பொருள். ஞாயிற்றை அணுகும்போது வெப்பத்தால் ஆவியும் தூசும் வெளிப்பட்டு வாலாக நீளும். வால் என்பதால் பின்னே இழுபடுவது என எண்ணற்க. அது ஞாயிற்றுக்கு எதிர்ப்புறம் நோக்கியே நீளும். ஞாயிற்றை விட்டு நீங்கிச் செல்லும்போது வால் முன்னே செல்லும். 1682இல் தோன்றிய வால்மீன் 1758இல் மீண்டும் வரும் என ஹாலி கணித்தார். அவர் மறைந்த பின்னர், அவர் சொன்ன ஆண்டிலேயே அது வந்தது. 1910இலும் 1986இலும் தோன்றிய அது, 2061இல் மீண்டும் வரும். வருகையைக் கணிக்க இயன்ற பின்னர் வால்மீன் பற்றிய அச்சம் பெரிதும் நீங்கிற்று.

எரிமீன் என்பது மீன் அன்று. வெளியில் திரியும் சிறு கல்லோ துகளோ பூமியின் காற்றுக்குள் பெருவிரைவோடு புகுங்கால் எழும் ஒளியே அது. வெளியில் உள்ளபோது விண்துகள். காற்றில் ஒளிரும்போது எரிமீன். எரிந்து தீராமல் நிலத்தில் வீழ்ந்து கிடைப்பது விண்கல். ஒரே பொருளுக்கு நிலை வேறுபாட்டால் மூன்று பெயர். புறநானூற்றின் 229ஆம் பாடலில், பங்குனித் திங்களில் வானினின்று மீன் ஒன்று வீழக் கண்டு மன்னனுக்கு யாதாகுமோ எனக் கூடலூர் கிழார் நடுங்கியதும், ஏழாம் நாள் சேரமன்னன் மறைந்ததும் கூறப்படுகின்றன. புலவர் கண்டது இத்தகைய எரிமீனே. 2013ஆம் ஆண்டு பிப்ரவரி 15ஆம் நாள், உருசிய நாட்டுச் செல்யாபின்ஸ்க் நகரின்மேல் ஏறத்தாழ 20 மீட்டர் அகலமுள்ள கல் ஒன்று காற்றில் வெடித்துச் சிதறியபோது, சன்னற் கண்ணாடிகள் உடைந்து ஆயிரத்துக்கு மேற்பட்டோர் புண்பட்டனர். ஆகவே இச்சொற்கள் ஏட்டளவில் நிற்பன அல்ல; எது எவ்வகைப் பொருள், எவ்வழியில் வருகின்றது என்று முன்னறிதல் உயிர்காப்பும் ஆகும்.

நேர்மையான விடை

சொற்களைப் பிரித்தறிந்து இரு மரபினருக்கும் பாலம் அமைத்த பெரியார் ஒருவர் தமிழ்நாட்டில் வாழ்ந்தனர். சென்னை வான்நோக்குநிலையத்தில் பணிபுரிந்து, 1867இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்த சிந்தாமணி இரகுநாதாச்சாரியாரே அவர். 1874ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள் வெள்ளி ஞாயிற்றின் முகத்தைக் கடந்து சென்ற அரிய நிகழ்ச்சியைப் பொதுமக்கள் அறியும்பொருட்டு, இந்திய மொழிகளிலும் நூல் வெளியிடச் செய்தார். கண்ணாற் கண்ட நிலைக்கும் ஐந்திறக் கணக்குக்கும் வேறுபாடு இருப்பின் கணக்கைத் திருத்துதல் வேண்டும் என வற்புறுத்தினார். மரபை இகழ்ந்தார் அல்லர். மரபு பிழைபடாமல் வாழ வேண்டும் என்று விரும்பியவர்.

அவர் காட்டிய நெறியில் நின்று சிறுவனுக்கு விடை கூறுதல் எளிது.

"குழந்தாய்! கோள் என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. மீன்களின் நடுவே இடம் பெயர்வது என்பது பழைய பொருள். அப்பொருளில் ஞாயிறும் திங்களும் கோள்கள். நீ நிற்கும் பூமி அப்பட்டியலில் வாராது. ஞாயிற்றைச் சுற்றுவது என்பது புதிய பொருள். அப்பொருளில் கோள்கள் எட்டு. பூமி அவற்றுள் ஒன்று. இராகு கேது என்பன திங்களின் வழியில் அமைந்த இரண்டு கணுக்கள். அவற்றைக் கணக்கால் அறியலாமேயன்றிக் கண்ணால் அறிய இயலாது. யுரேனஸையும் நெப்டியூனையும் பழையோர் எண்ணவில்லை. அவற்றைக் கோளென அறிதற்குத் தொலைநோக்கி வேண்டும், அஃது அவர்களிடம் இல்லை." இவ்வளவே போதும். இதில் பொய் இல்லை, சினமும் இல்லை.

நடுவில் ஞாயிறு நிற்றலைக் காட்டி, 'கோப்பர்னிக்கஸ் சொன்னதை நம்மவர் முன்பே சிலையாக வடித்தனர்' என்று கூறுவாரும் உளர். அது வேண்டாத புகழ்ச்சி. அம்மேடை வழிபாட்டு முறைபற்றி அமைந்தது, வான்படமாக அமைந்ததன்று. பொய்ப்புகழ் சேர்க்காமலே முன்னோர் பெருமை நிலைபெறும். தொலைநோக்கி இன்றி, வெறுங்கண்ணாலும் விடாமுயற்சியாலும், சனியின் முப்பதாண்டு நடையையும் திங்களின் கணுக்களையும் அளந்து மறைப்புகளை முன்கூட்டிக் கணித்தனர் என்பது மெய்ப்புகழ். அதுவே போதுமானது.

கோயிற் பணிக்குப் பொருள் உதவிய பெருமக்கள் கல்லையும் சுதையையும் புதுக்கினர். வினவும் பிள்ளைக்கு மெய் சொல்லும் வழக்கத்தையும் அவர்கள் புதுக்குவாராக. மாலைத் தீபாராதனை முடிந்து வெளியே வருங்கால், கோபுரத்தின் மேற்கே வெள்ளி ஒளிரும் நாள்களில், பாட்டனார் சிறிது நின்று அதனைச் சுட்டிக் காட்டலாம். "மேடையில் கண்டாயே, அவ்வெள்ளி இதுவே" என்று சொல்லலாம். அடுத்த ஆண்டு அச்சிறுவன் தானே கோயிலுக்கு அழைத்துச் செல்லுமாறு கேட்பான்.

திருச்சிற்றம்பலம்